சுகம் விசாரிக்க வந்தவர்கள்

நோயாளியைச் சுகம் விசாரிக்கப் போவது நம்மவர்களிடையே அமலாகவும் இருக்கிறது, பொழுதுபோக்காகவும் இருக்கிறது. ஊரில் ஒருவர் பாயில் விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அந்த வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற இடமிராது. பிஸ்கட் பெட்டியும் அப்பிளும் தோடம்பழமும் அலுமாரியின் மேல் ஏறி அடுக்காகும். வந்தவர் கதிரையில் இருந்ததும் நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து முதலில் கேட்பது, "ஆளத் தெரியிதா?" என்பதுதான். தெரிகிறது என்று நோயாளி தலையாட்டினாலும் விடமாட்டார். "அப்ப ஆரெண்டு சொல்லுங்க பாப்பம்" என்று பரீட்சை தொடரும். அது முடிந்ததும் தன் குடும்பத்தில் இதே வருத்தம் வந்து மூன்றாம் நாள் மௌத்தாகிப் போன ஒருவரின் கதையைத் தொடங்குவார். கதை முடிகிற வேளைக்குத் தேத்தண்ணி வந்துவிடும்.

கேலிக்காக இதை எழுதவில்லை. நோய் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்யவேண்டிய கடமைகளில் ஒன்று என்பது மத்ரஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கடமை இன்னும் சாகாமல் இருப்பது நமது ஊர்களின் பெரிய சொத்து. பார்க்க ஓர் ஆளில்லாமல் நகரத்து ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் கட்டில்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் இவ்வளவு பேர் வந்து போகிறார்களே, அந்த வருகையால் நோயாளிக்குக் கிடைப்பதென்ன என்ற கேள்வி 2019 நவம்பரில் எனக்குள் விழுந்தது. அது வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த மாதம்.

வாப்பா எங்கள் ஊர்ச் சந்தியில் 31 வருடம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். சுபஹ் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினால் இஷாவுக்குப் பிறகுதான் பலகை அடைப்பார். தேத்தண்ணியை விட அவரது வாய்க்காகவே கடைக்கு வந்தவர்கள் அதிகம். நெல் விலை, தேர்தல், பள்ளிவாசல் நிர்வாகம், கலியாணப் பேச்சு எல்லாவற்றுக்கும் அங்கே தீர்ப்பு உண்டு. அப்படிப்பட்ட மனிதருக்கு அல்லாஹ் எடுத்தது வலது கையையும் பேச்சையும்.

சுபஹுக்கு எழும்பும்போதே வாய் கோணியிருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தோம், அம்புலன்ஸ் விரைவாக வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டொக்டர், அடைப்பு வந்து நாலரை மணித்தியாலத்துக்குள் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், தூக்கத்தில் வந்ததால் நேரம் தெரியவில்லை, அதனால் போட முடியாது என்று விளங்கப்படுத்தினார். மூளையின் இடப்பக்கம் அடைபட்டிருந்தது. வலப்பக்க உடம்பை ஆள்வது அதுதான். பெரும்பாலானவர்களுக்கு மொழி இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

உயிரைக் காப்பாற்றியவை குளிசைகளும் சேலைனும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மனிதரைத் திரும்பக் கொண்டுவந்தவை வேறு பல சின்ன வேலைகள். அவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலாவது வேலையை வாட்டில் இருந்த மிஸ்ஸி ஒருவர் செய்தார். இரண்டாம் நாள் உறவினர் ஒருவர் ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, படுத்திருந்த வாப்பாவின் வாயில் பரக்கத்துக்காக ஊற்றப் போனார். மிஸ்ஸி ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். வந்தவருக்குக் கோபம். எனக்கும் முதலில் மனம் சுருங்கியது. பிறகு அந்த மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார்: பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் பழுதாகும், ஊற்றும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரும், அதில் இறப்பவர்கள் உண்டு. விழுங்குகிறாரா என்று சோதித்துப் பார்க்கும்வரை உதட்டை நனைக்க மட்டும்தான் அனுமதி. பிறகு நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாக, கொஞ்சம் தடிப்பான கஞ்சி. ஸம்ஸம் நாலாம் நாள்தான் வாப்பாவின் தொண்டைக்குள் இறங்கியது. பரக்கத்துக்கு அவசரமில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகும் குதிக்காலும் புண்ணாகும். உணர்விழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். இந்த இரண்டாவது விஷயம் நமது ஆட்களுக்குச் சொல்லி விளங்காது. ஸலாம் சொல்லிக்கொண்டே வந்து, துவண்டு கிடக்கும் வலது கையை எடுத்து முஸாபஹா செய்து குலுக்குவார்கள். கடைசியில் தங்கச்சி ஒரு யுக்தி செய்தாள். அந்தக் கையைத் தலையணை மேல் வைத்து, அதன்மேல் ஒரு துவாயைப் போர்த்திவிட்டாள். காணாத கையை யாரும் குலுக்க வரவில்லை.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். வாப்பாவிடம் எஞ்சியிருந்தது ஒரேயொரு சொல். "நாளைக்கி." தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கி, கால் நோகிறதென்றாலும் நாளைக்கி, கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நாளைக்கி. அவரது கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகையிலிருந்துதான் அந்தச் சொல் மிஞ்சியதென்று கடைக்கு வந்து போனவர்கள் முடிவுகட்டினார்கள். அதற்கு வைத்தியக் காரணம் ஏதுமில்லை. ஆனால் இப்படி ஒரே சொல்லில் மாட்டிக்கொள்வது பழைய விஷயம். 1861இல் பாரிஸ் ஆஸ்பத்திரியொன்றில் புரோக்கா என்ற வைத்தியர் கண்ட நோயாளிக்கு "டான்" என்ற ஓசை மட்டுமே மிஞ்சியிருந்ததாம். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான், பேச்சுக்கான இடம் இதுவென்று புரோக்கா சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி கட்டிலருகே இருந்து ஓதிக்கொண்டிருந்தாள். சூரத்துல் ஃபாத்திஹாவைத் தொடங்கியதும் வாப்பாவின் உதடு அசைந்தது. பிறகு குரலும் வந்தது. கடைசி ஆமீன் வரைக்கும் தடங்கலில்லாமல் ஓதி முடித்தார். வாட்டே திரும்பிப் பார்த்தது. தங்கச்சி அழுதுகொண்டே, "வாப்பாக்குப் பேச்சு வந்திட்டு காக்கா" என்று எனக்குக் கோல் எடுத்தாள். நான் ஓடிப்போய், "வாப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "நாளைக்கி" என்றார்.

இதற்கு விளக்கம் தந்தவர் பேச்சுச் சிகிச்சை செய்யும் ஒரு சிங்களச் சகோதரி. அவரிடம் போவதென்றால் நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும், அல்லது ஓட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். ஆயுள் முழுக்க வாயில் பழகிய ஓதல், எண் வரிசை, கிழமை நாட்கள், பாட்டு, ஏன் ஏச்சு வார்த்தைகூட, நாம் யோசித்துச் சொல்லும் சொற்களைப் போலல்ல, வேறு பாதையால் வருபவை என்றார் அவர். இடப்பக்கம் பழுதானாலும் அவை தப்பிவிடுகின்றன. ஆகவே ஃபாத்திஹா வந்ததால் பேச்சு வந்துவிட்டதென்று எண்ணவும் கூடாது, அது சும்மா என்று தள்ளவும் கூடாது. அது ஒரு கதவு. அமெரிக்காவில் 1973 முதல் ராகத்தோடு இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் முறையொன்று இருக்கிறது. அவரும் அந்த வழியில்தான் போனார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணவைத்து நாலில் நிறுத்துவார். பிறகு நாலு விரலைக் காட்டிக் காத்திருப்பார். படமுள்ள அட்டையைத் தூக்கி, "தேத்..." என்பார். வாப்பா வியர்த்து விறுவிறுத்து, "...தண்ணி" என்று முடிப்பார். அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டுக் கற்ற முதல் தமிழ்ச் சொல்லும் தேத்தண்ணிதான்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆண்டு ஒன்றில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்து, மிச்சத்துக்குக் காத்திருப்பது நான் தினமும் செய்வது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வைகொட்ஸ்கியைப் படிப்பித்தார்கள். பிள்ளை தனியே செய்ய முடியாததை, தெரிந்தவரின் கைத்தாங்கலோடு செய்யும், பிறகு தாங்கல் தேவைப்படாது என்பது அவரது கருத்து. அவரோடு வேலை செய்த லூரியா இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டுபட்ட படைவீரர்களுக்கு யூரல் பகுதி ஆஸ்பத்திரியில் மீண்டும் பேசவும் எழுதவும் பழக்கினார் என்பதை வாப்பா விழுந்த பிறகுதான் தேடி வாசித்தேன். கலாசாலைப் பாடமும் ஆஸ்பத்திரிப் பாடமும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று அப்போது விளங்கியது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதில் வெட்கமில்லை. எழுபது வயது மனிதருக்கு, ஊருக்கே தீர்ப்புச் சொன்னவருக்கு, பூனைப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாமலிருப்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

அந்த வெட்கம்தான் அடுத்த வருத்தமாக வந்தது. 2020 ஜனவரியில் வீட்டுக்கு வந்த பிறகு வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டைத் தள்ளினார். அட்டையைத் தூக்கினால் கண்ணை மூடினார். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இயன்மருத்துவரின் கையைத் தட்டிவிட்டார். இரவில் சத்தமில்லாமல் அழுவதை உம்மா கண்டார். சுகம் விசாரிக்க வந்தவர்களிடம் இதற்கும் தீர்ப்பு இருந்தது. ஒருவர் ஈமான் பலவீனம் என்றார். மற்றவர் செய்வினை, தண்ணி ஓதிக் குடுங்க என்றார். இன்னொருவர் வாப்பாவின் காதருகிலேயே, "இப்பிடிக் கிடந்து இழுபடுறதவிட அல்லாஹ் லேசாக்கினா நல்லம்" என்று துஆக் கேட்டார். வாப்பாவுக்குப் பேச வராதே தவிர, கேட்பது எல்லாம் விளங்கும். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் ஏற்கவில்லை.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அது துக்கம் மட்டுமல்ல, மூளையில் ஏற்பட்ட காயத்தோடும் தொடர்புள்ள வருத்தம், மருந்தும் உண்டு. மனநல வைத்தியரிடம் துண்டு எழுதித் தந்தார்கள். வீட்டில் பெரிய வழக்கு. "பைத்தியக்கார டொக்டர்ட்டயா வாப்பாவக் கொண்டு போற? ஊர் என்ன சொல்லும்?" என்று மாமி கேட்டார். சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டால் ஈமான் குறைவதில்லை, பிரஷருக்குப் போட்டாலும் குறைவதில்லை, மனசுக்குப் போட்டால் மட்டும் குறைகிறது. எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்ற நபிமொழியை மேடைதோறும் சொல்லும் நாம், அதில் எல்லா என்ற சொல்லை எங்கே விழுங்கினோம்?

பெருமை பேசுவதில் மட்டும் குறைவில்லை. துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கு இசையாலும் நீரோடும் ஓசையாலும் பூவின் மணத்தாலும் சிகிச்சை நடந்ததை, மீலாத் விழாச் சொற்பொழிவில் கைதட்டிக் கேட்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே போன பயணி எவ்லியா செலெபி, பாடகரும் வாத்தியக்காரரும் வாரத்தில் மூன்று நாள் வந்து நோயாளிகளுக்கு இசைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஐநூறு வருடத்துக்கு முந்திய நோயாளிக்கு வாத்தியக்காரர் வந்தார். நமது நோயாளிக்கு மூன்றாம் நாள் மௌத்தான கதை வருகிறது.

வாப்பாவைக் கூட்டிப்போனோம். அந்த டொக்டர் ஒரு குளிசையைத் தந்து, குணம் தெரிய சில வாரங்கள் எடுக்கும், இடையில் நிறுத்தவேண்டாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "அஸர் நேரத்தில் இவர் வழமையாக என்ன செய்வார்?" தேத்தண்ணி ஆத்துவார் என்றேன். "அப்ப அதச் செய்ய விடுங்க" என்றார். அவ்வளவுதான். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து எடுத்து ஒழுங்கை தெரியும் ஜன்னலடிக்குப் போடச் சொன்னதும் அவரே. வாப்பாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தொழுகையில் சொல்ல வேண்டியது சிலவேளை வரும், சிலவேளை வராது. மௌலவி ஒருவரைக் கூப்பிட்டோம். கதிரையில் இருந்து, தலைச் சைகையால் தொழுதாலும் ஏற்கப்படும், நாவு ஒத்துழைக்காததற்குக் கேள்வியில்லை என்று அவர் வாப்பாவிடமே, வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு பேரில் அவர் ஒருவர்தான் அப்படிச் செய்தார்.

அதற்குள் மார்ச் வந்தது. கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள், 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. கிளினிக் மருந்து தபாற்காரரின் கையால் வீடு வந்தது. தொற்றில் இறந்தால் எரிப்பார்கள் என்ற விதி ஏப்ரலில் வர்த்தமானியிலும் ஏறி, 2021 பெப்ரவரி கடைசிவரை இருந்ததால், எங்கள் பக்கத்து வயதானவர்கள் ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கே நடுங்கினார்கள். பேச்சுச் சிகிச்சைச் சகோதரி வட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வாப்பாவைப் பார்த்து, அடுத்த வாரப் பாடத்தைச் சொல்வார். படிப்பிக்கப் பிள்ளைகள் இல்லாத வாத்தியாரும் பேச்சில்லாத கடைக்காரரும் மிஞ்சினோம். எங்கள் பக்க வழமைப்படி நான் மனைவியின் வீட்டில், உம்மாவும் வாப்பாவும் தங்கச்சி வீட்டில். பின்வளவுக் கடப்பால் புகுந்தால் பொலிஸ் காணாது.

ஒவ்வொரு அஸருக்கும் விறாந்தையில் ஒரு மேசை. இரண்டு தகரக் கோப்பை, முதலில் வெறும் அரிசி, பிறகு பச்சைத் தண்ணீர். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கோப்பையிலிருந்து மற்றதுக்கு ஊற்ற வேண்டும். பழகிய வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை புது வழி பிடிக்கும் என்று இயன்மருத்துவர் சொல்லித் தந்திருந்தார். முதல் கிழமை தண்ணீர் முழுவதும் மடியில். ஆனால் கோப்பை கைக்கு வந்ததிலிருந்து வாப்பா சுவரைப் பார்க்கவில்லை. மே மாதத்தில், ஆத்துவதென்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினார்.

அந்த நாட்களில்தான் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். உள்ளே வர முடியாது, பிஸ்கட் பெட்டி கொண்டுவரக் கடையில்லை. வேறு வழியின்றி வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "காக்கா, நீங்க எனக்கு நூத்தியிருவது ரூவா தரணும்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். வாப்பாவின் முகம் சிவந்தது. உதடு துடித்தது. நான் சொல் எடுத்துக் கொடுக்கப் போனேன், கையை உயர்த்தித் தடுத்தார். நிமிடம் ஒன்று போயிருக்கும். "நீ... நீதான்... தரணும்!" என்றார். மூன்று சொல். ஏழு மாதத்தில் அவராகச் சேர்த்த முதல் வசனம். வேலிக்கு அப்பால் நின்றவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ஊரடங்கு தளர்ந்து ஆட்கள் திரும்ப வரத் தொடங்கியபோது நான் வாசலிலேயே நின்று பாடம் நடத்தினேன். தலைக்கு மேலால் பேசவேண்டாம். டீவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, அதுவும் ஓம், இல்லை என்று சொல்லக்கூடியது. கேட்டுவிட்டுப் பத்துவரை மனதுக்குள் எண்ணுங்கள். விளங்காவிட்டால் விளங்கியதாக நடிக்காதீர்கள். சிலர் கோபித்துக்கொண்டு வரவே இல்லை. வாத்தியார் சுகம் விசாரிக்கவும் சட்டம் போடுகிறார் என்று சந்தியில் கதைத்தார்கள். வந்த ஏழெட்டுப் பேர் தொடர்ந்து வந்தார்கள், முறைவைத்து.

மலபாரில் நம்மைப் போன்றவர்கள் இதைப் பெரிதாகவே செய்திருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி, தணிப்புச் சிகிச்சைச் சங்கம் பின்னர் மலப்புறத்துக் கிராமங்களில் பரவி, அயலவர்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. கடைக்காரரும் மாணவரும் வீட்டுப் பெண்களும் படுக்கையில் கிடப்பவரைப் புரட்டவும் புண் துடைக்கவும் பக்கத்தில் இருந்து பேசவும் கற்றார்கள். கேரள அரசு 2008இல் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. நமது ஊர்த் தனவந்தர்கள் ஜனாஸா வாகனம் வாங்கிக் கொடுக்கிறார்கள், நல்லது. பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் நாட்டிலேயே மிகச் சிலர். ஒரு பிள்ளையை அதற்கு அனுப்பிச் செலவை ஏற்கிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. சலவைக்கல்லில் பெயர் வெட்ட அதில் இடமில்லைத்தான்.

வாப்பா 2023இல், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம் மௌத்தானார். அவருக்குத் திரும்பி வந்த சொற்களை நான் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். 68 சொற்கள். என் பெயர் 41ஆவது. அதற்கு முன்னால் சீனி, கரண்டி, கடன் எல்லாம் இருக்கின்றன.

போன வருடம் அடுத்த ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இதே வருத்தம். அவருடைய மகன் என்னிடம் ஆண்டு ஐந்து படிக்கிறான். அட்டைக் கட்டைக் கேட்டு வந்தான். அதில் முக்கால்வாசி தேத்தண்ணிக் கடைச் சாமான். நீயே புதிதாக வரை என்று வெள்ளை மட்டைகளைக் கொடுத்தேன். ஊசி, நூல், பொத்தான், மெஷின் எல்லாம் வரைந்து மறுநாள் கொண்டுவந்து காட்டினான். ஒரு மட்டை மட்டும் வெறுமையாக இருந்தது.

"சேர், உம்மாக்குக் கோவம் வந்தா காட்டுறதுக்கு என்ன வரையிற?"

உம்மாவிடமே கேட்டு வரை, பதிலுக்குப் பத்துவரை எண்ணு என்றேன்.